டயலில் ஒரு பெயர், மெஷினில் ஒரு பெயர்

கேள்வி: தோட்டத்தில் கிராணியாக இருந்த அப்பா விட்டுப்போன சுவிஸ் ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் எங்களிடம் இருக்கிறது. டவுன் கடைக்காரர் பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “உள்ளே ஈடிஏ 2824-2 என்று இருக்கிறது, யாரோ மெஷினை மாற்றிவிட்டார்கள்” என்கிறார். 80 வெள்ளிக்குத் தந்துவிடச் சொல்கிறார். தரலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தராதீர்கள். ஈடிஏ என்பது மெஷின் செய்யும் சுவிஸ் ஆலை, 2824-2 அதன் ஒரு மாடலின் எண். டயலில் வேறு பெயர் இருப்பதால் மட்டும் மெஷினை மாற்றியதாக ஆகாது. சுவிஸ் கடிகாரத்தில் பெயர் போடுபவர் ஒருவர், மெஷின் செய்பவர் இன்னொருவர் என்பது பழைய வழக்கம். ஜூரா மலைப்பகுதியில் பனிக்காலத்தில் விவசாயக் குடும்பங்கள் ஆளுக்கொரு பாகம் செய்து கொடுக்கும். கம்பெனிகள் அவற்றைக் கோத்துத் தங்கள் பெயரைப் போட்டு விற்கும். பின்னால் முழு மெஷினையே செய்து எல்லோருக்கும் விற்கும் ஆலைகள் வளர்ந்தன. விலைப்போட்டியில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாமல் இருக்க ஃபோன்ட்டமெலோன், ஏ. ஷில்ட், ஏ. மிஷெல் ஆகிய மூன்றும் 1926இல் ‘எபோஷ் எஸ்.ஏ.’ என்று ஒன்றுசேர்ந்தன. 1932இல் ஈடிஏவும் அதில் சேர்ந்தது. நூற்றுக்கணக்கான பிராண்டுகளுக்குள் ஓடியது இவர்களுடைய மெஷின்தான்.

ஆனாலும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். 2824க்குச் சீன நகல்கள் உண்டு. பேலன்ஸ் வீலுக்கு (முன்னும் பின்னும் ஆடும் சக்கரம்) அடியில், மெஷினின் தட்டில், கேடய வடிவத்துக்குள் ஈடிஏ முத்திரையும் பக்கத்தில் எண்ணும் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மெஷின் விட்டம் 25.6 மி.மீ., தடிப்பு 4.6 மி.மீ., தேய்மானம் தடுக்கும் கற்கள் 25. பிறகு முன்பக்கம் திருப்புங்கள். தேதி எண் சன்னலின் ஓரத்தில் ஒட்டி நின்றாலோ, டயல் பசையால் ஒட்டப்பட்டிருந்தாலோதான் மாற்றியிருப்பார்களோ என்று சந்தேகப்பட வேண்டும்.

இன்னொன்று: குமிழைத் திருகிச் சாவி கொடுக்கும்போது உள்ளே ரோட்டர் (கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் எடை) காற்றாடி மாதிரி சுழல்கிறதா? அப்படியானால் ரோட்டர் எந்தப் பக்கம் சுழன்றாலும் சாவி ஏற வைக்கும் ரிவர்சிங் சக்கரங்களில் எண்ணெய் காய்ந்திருக்கிறது. கழுவி எண்ணெய் போடும் வரை கையால் சாவி கொடுக்காதீர்கள், பல் தேய்ந்துவிடும். இரவு 9 முதல் விடிகாலை 3 வரை தேதியைக் குமிழால் மாற்றவும் வேண்டாம். அந்நேரம் தேதிப் பல் கோத்துக்கொண்டு நிற்கும்.

கேள்வி: லட்ச வெள்ளிக் கடிகாரங்களும் இப்படித்தானா?
– வாசகர், தாப்பா

பதில்: அங்கே இன்னும் சுவாரஸ்யம். ஜெஜெர்-லெகூல்ட்ர் 1967இல் செய்த 920 மெஷினின் தடிப்பு வெறும் 2.45 மி.மீ. ஆடமார் பிகே ராயல் ஓக் (1972), படேக் பிலிப் நாட்டிலஸ் (1976), வஷெரோன் 222 (1977) மூன்றுக்குள்ளும் தேதி சேர்த்து ஓடியது அதுதான். செய்த ஜெஜெரோ தன் கடிகாரம் ஒன்றில்கூட அதைப் போடவில்லை! ரோலெக்ஸ் டேடோனாவும் 1988 முதல் 2000 வரை ஜெனித் கம்பெனியின் எல் பிரிமெரோ மெஷினைத்தான் சுமந்தது. மணிக்கு 36,000 துடிப்பை 28,800ஆகக் குறைத்துத் தன் வசதிக்குத் திருத்திக்கொண்டது. விலை ஏறுவது மெருகிலும் சரிபார்ப்பிலும் பெயரிலும். 2824-2இலேயே சாதாரணத் தரம் முதல் குரோனோமீட்டர் (துல்லியத்துக்குச் சான்று பெற்றது) வரை நான்கு தரங்கள் உண்டு. எண் ஒன்றுதான், பேலன்ஸும் அதை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கும் வேறு.

கேள்வி: ஈடிஏ மெஷின் போய்விட்டது. கடையில் செல்லிட்டா போடலாம் என்கிறார்கள். சரியா?
– வாசகர், பீடோர்

பதில்: உங்களுடையது 2824-2 என்றால் சரிதான். ஈடிஏ இன்று ஸ்வாட்ச் குழுமத்தின் கையில் இருக்கிறது. வெளியாருக்கு மெஷின் விற்பதைக் குறைக்கப்போவதாக 2002இல் அறிவித்ததும் சுவிஸ் போட்டி ஆணையம் தலையிட்டது. அந்த இழுபறியில் வளர்ந்தது செல்லிட்டா என்ற இன்னொரு சுவிஸ் மெஷின் கம்பெனி. அதன் எஸ்டபிள்யூ200 மெஷின், 2824-2இன் அமைப்பிலேயே செய்தது, கல் மட்டும் 26. அதே டயல், அதே முள், அதே கேஸில் உட்காரும். பழைய மெஷினைக் கடையில் விட்டுவிடாமல் கேட்டு வாங்கி வாருங்கள். அதில் இன்னும் நல்ல பாகங்கள் இருக்கும்.