இஞ்சிலிருந்து மில்லிமீட்டருக்கு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: 5/16 இஞ்ச் போல்ட் கிடைக்கவில்லை. எம்8 (8 மி.மீ. மெட்ரிக் போல்ட்) போடலாமா? விட்டம் ஒன்றுபோலத்தான் தெரிகிறது.

பதில்: வேண்டாம். 5/16 என்பது 7.94 மி.மீ. எம்8-உடன் 0.06 மி.மீ. வித்தியாசம்தான், கண்ணுக்குப் பிடிபடாது. ஆனால் மரை வேறு. எம்8-க்கு பிட்ச், அதாவது அடுத்தடுத்த இரு மரைகளுக்கு இடையே உள்ள தூரம், 1.25 மி.மீ. 5/16 யுஎன்சியில் (இஞ்ச் போல்ட்டின் வழக்கமான மரை வகை) இஞ்சுக்கு 18 மரை, அதாவது 1.41 மி.மீ. கையால் ஓரிரு சுற்று நன்றாக ஏறும், அப்புறம் இறுகும். துரு என்று நினைத்து ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் மரை போய்விடும். சுத்தமாகப் பொருந்தாதது ஆபத்தில்லை, கிட்டத்தட்டப் பொருந்துவதுதான் ஆபத்து. பிட்ச் கேஜ் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: என் பழைய லேத்தின் லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் நீண்ட திருகு) இஞ்ச் கணக்கு. மெட்ரிக் மரை வெட்ட முடியுமா?

பதில்: தாராளமாக. 127 பல் கியர் ஒன்று தேவை. ஒரு இஞ்ச் 25.4 மி.மீ.; அதை 5-ஆல் பெருக்கினால் 127. 127 பகா எண் என்பதால், இதைவிடச் சிறிய கியரில் துல்லியமான விகிதம் கிடைக்காது. ஒன்றை மறக்க வேண்டாம்: வெட்டி முடியும்வரை ஹாஃப் நட்டை (டூலை லீட் ஸ்க்ரூவோடு பிணைக்கும் நட்டை) திறக்கக் கூடாது. திறந்தால் அடுத்த வெட்டு பழைய தடத்தில் விழாது. டூலை வெளியே இழுத்து, மெஷினைத் திருப்பி ஓட்டித்தான் ஆரம்பத்துக்கு வர வேண்டும். நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

கேள்வி: 25.4 என்பது தோராயமா?

பதில்: இல்லை, மிகச் சரியானது. 1959-இல் அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட ஆறு நாடுகள் ஒப்புக்கொண்ட அளவு. அதற்கு முன் இவ்விரு நாடுகளின் இஞ்சும் மயிரிழை வேறுபட்டன.

கேள்வி: பழைய டிராயிங்கை மாற்றும்போது 1 இஞ்சை 25 என்று எழுதலாமா?

பதில்: புது வடிவமைப்பு என்றால் 25 போடுங்கள். பழைய பாகத்தோடு சேர வேண்டியது என்றால் 25.4-ஐத் தொடாதீர்கள். டாலரன்ஸிலும் (அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கத்திலும்) கவனம் வேண்டும். ±0.005 இஞ்ச் என்பது ±0.127 மி.மீ. அதை 0.13 என்று எழுதினால், கழிக்க வேண்டிய பாகத்தையும் சரி என்று அனுப்பிவிடுவோம். 0.12 என்று குறைத்து எழுதுவதே நல்லது. பழைய இஞ்ச் டிராயிங்கையும் தூக்கிப் போடாதீர்கள். சந்தேகம் வந்தால் மூல அளவை அதில்தான் பார்க்க முடியும்.

கேள்வி: பைப் மட்டும் ஏன் இன்னும் இஞ்சில்?

பதில்: பைப் மரைக்கான ஐஎஸ்ஓ தரமே பழைய பிரிட்டிஷ் 55 டிகிரி கோண மரையை ஏற்றுக்கொண்டது. அதில் 1/2 என்பது வெறும் பெயர். மரையின் வெளிவிட்டம் 20.955 மி.மீ. வெர்னியரில் 21 காட்டினால் பயப்படாதீர்கள், அது அரை இஞ்ச் பைப்தான்.