ஜூன் மாதக் கடிதம் எங்கே?

மேடம்,

எனக்கு 52 வயது. கிருஷ்ணகிரி மாவட்டம், காவேரிப்பட்டினம் பக்கம். என் வீட்டுக்காரர் ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னலாக இருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. அவர் என்னிடம் பேசுவதே இல்லை.

எல்லையில் இருந்தபோது பக்கம் பக்கமாக எழுதுவார். விலாசத்தில் 56 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் நிலைய நம்பர்தான் இருக்கும், ஊர் பேர் எழுதக் கூடாதாம். ஆனால் பனி எப்படி விழுகிறது, மகளுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று எல்லாம் இருக்கும். அந்த மனிதர் எங்கே போனார் என்றே தெரியவில்லை. இப்போது விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிடுகிறார். போர்வையை மடித்தது சரியில்லை என்கிறார். மளிகைக் கணக்கை நோட்டில் எழுதச் சொல்கிறார். மாந்தோப்பில் மருந்தடிக்க வருகிறவர்களிடம் ஒரு மணி நேரம் பேசுகிறவர், என்னிடம் "சாப்பிடலாமா" என்பதோடு சரி. மகளையும் மாமனார் மாமியாரையும் தனி ஆளாகப் பார்த்துக்கொண்டவள் நான். அதற்காவது நாலு வார்த்தை பேசலாம் இல்லையா?

சாயங்காலமானால் கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறார். நான் எழுதியதையும் பத்திரமாக வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்குகிறார். போன வாரம், "99 ஜூன்ல உன் லெட்டர் ஒண்ணுகூட இல்லையே?" என்றார். கார்கில் சண்டை நேரம், தபால் தவறியிருக்கும் என்றேன். அந்த மாதம் எனக்கு நாலு மாதக் கரு கலைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மூன்று மாதம் தாண்டட்டும், அப்புறம் எழுதலாம் என்று இருந்தோம், அதற்குள் சண்டை வந்துவிட்டது. சண்டையில் இருக்கிறவனுக்கு இதை எழுதாதே என்றார் மாமியார். அது முடிந்த கதை, விடுங்கள். இவரை எப்படிப் பேச வைப்பது? அதைச் சொல்லுங்கள்.

பதில்:

அன்புச் சகோதரி,

போர்வையும் மளிகை நோட்டும் இருக்கட்டும். "முடிந்த கதை, விடுங்கள்" என்கிறீர்களே, அதை என்னால் விட முடியவில்லை.

அவர் பேசுவதில்லை என்கிறீர்கள். கேட்டிருக்கிறாரே! அத்தனை பழைய காகிதத்துக்கு நடுவில் ஒரு மாதம் மட்டும் உங்களைக் காணோம் என்று கண்டுபிடித்துக் கேட்டிருக்கிறார். தபால் தவறியிருக்கும் என்று பேச்சை முடித்தது நீங்கள்தான்.

அன்றைக்கு எழுதாமல் இருந்ததில் தப்பே இல்லை. குண்டு விழுகிற இடத்தில் இருந்தவருக்கு நானும் எழுதியிருக்க மாட்டேன். "இங்கே ஒரு குறையும் இல்லை" என்று அவரும் எத்தனை முறை எழுதினாரோ! ஆனால் சண்டை ஜூலை 26-ஆம் தேதி முடிந்துவிட்டது. அதற்கப்புறம் எத்தனை லீவுக்கு வீட்டுக்கு வந்திருப்பார்? ஊர் பேரை மறைக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு இருந்தது. உங்களுக்கு மாமியார் சொன்னது சண்டை முடிகிற வரைக்கும்தான்.

தனியாகச் சுமந்தேனே, அதை அவர் உணரவில்லையே என்பதுதான் உங்கள் மனக்குறை. தெரியவே தெரியாத ஒன்றை எப்படி உணர்வார்? கடிதம் எழுதிய மனிதரை நீங்கள் வீட்டில் தேடுகிறீர்கள். "எல்லாரும் சௌக்கியம்" என்று பதில் போட்ட பெண்ணை அவர் பெட்டிக்குள் தேடுகிறார்.

சொன்னால் என்ன நினைப்பாரோ என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. எழுதவில்லை, ஆனால் தெரிகிறது. கோபம் வரலாம். ரெண்டு நாள் முகம் கொடுக்காமல் இருக்கலாம். அழவும் செய்யலாம். அப்போது "அது என்னைக்கோ நடந்தது" என்று மட்டும் சமாதானம் சொல்லாதீர்கள். உங்களுக்கு 25 வருஷத்துக்கு மேல் பழகிப்போன துக்கம், அவருக்கு அன்றைக்குத்தான் ஆரம்பம். அவருக்கும் அது பிள்ளைதானே அம்மா.

வாயால் சொல்ல வராவிட்டால் எழுதுங்கள். ஒரு இன்லேண்ட் லெட்டர் வாங்கி, மேலே ஜூன் 1999 என்று போடுங்கள். ஆஸ்பத்திரியில் யார் கூட இருந்தார்கள், என்ன சொன்னார்கள், அன்று ராத்திரி அவரை எவ்வளவு தேடினீர்கள், எல்லாம் எழுதுங்கள். மே மாதக் கடிதத்துக்கும் ஜூலை மாதக் கடிதத்துக்கும் நடுவில் வைத்துவிடுங்கள். சாயங்காலம் அவர் பெட்டியைத் திறக்கும்போது அடுப்படிக்குப் போய்விடாமல் பக்கத்திலேயே உட்காருங்கள்.