பள்ளம் நிரம்பியிருப்பது பிழையா?

கேள்வி: என் மகள் காரைக்குடியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். குவாண்டம் புள்ளி வழியே மின்சாரம் பாயும்போது எலக்ட்ரானின் தற்சுழற்சி என்ன செய்கிறது என்பது அவளுடைய புராஜெக்ட். கணினியில் வரைந்த படத்தில், மின்னோட்டம் நின்றுபோக வேண்டிய பள்ளங்களில் ஒன்றுவிட்டு ஒன்று நிரம்பியிருக்கிறதாம். புராஜெக்ட் சென்டர் நடத்துபவர் ஒருவர், “கணக்கே தவறு. 28,000 ரூபாய் கொடுங்கள், சரிசெய்து வெளிநாட்டு ஆய்விதழிலும் வெளியிட்டுத் தருகிறேன்” என்கிறார். முன்பணம் கொடுக்கலாமா?
– ஒரு தாய், பள்ளத்தூர்

பதில்: கொடுக்காதீர்கள், ஆச்சி. அவர் பிழை என்று காட்டிய இடம்தான் அந்த வேலையின் உயிர்.

குவாண்டம் புள்ளி என்பது குறைக்கடத்திக்குள் எலக்ட்ரான்களை அடைத்துவைக்கும் மிகச் சிறிய இடம். அகலம் சில பத்து முதல் சில நூறு நானோமீட்டர். டிவி விளம்பரத்தில் வரும் புள்ளிகள் நிறத்துக்கானவை, 2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசும் அவற்றுக்குத்தான். ‘நோபல் தலைப்பு’ என்று சொல்லி எவராவது விலை ஏற்றினால் நம்பாதீர்கள். உங்கள் மகளின் வேலை வேறு.

உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் புதிதாக வருவதை விலக்கித் தள்ளும். அதனால் பெரும்பாலான நேரம் வழி அடைபட்டே இருக்கும். மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே போனால் இடையிடையே வழி திறந்து மூடும். படத்தில் தெரியும் மேடும் பள்ளமும் இதுதான். ஒரு பள்ளத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது உள்ளே ஓர் எலக்ட்ரான் கூடும். சென்டர்காரர் இதுவரை படித்திருக்கிறார். இதற்கு மேல் படிக்கவில்லை.

புள்ளி என்றால் என்ன என்று செட்டிநாட்டில் நான் விளக்க வேண்டியதில்லை. நகரத்தார் வழக்கில் மணமான ஓர் இணை ஒரு புள்ளி, கோயில் வரியும் அந்தக் கணக்கில்தான். எலக்ட்ரான்களும் அப்படி இணையாகத்தான் அமர்கின்றன. தற்சுழற்சி (ஸ்பின்) என்பது ஒவ்வோர் எலக்ட்ரானையும் ஒரு சிறு காந்தம்போல் ஆக்கும் பண்பு. ஓர் ஆற்றல் நிலையில் மேல்நோக்கிய தற்சுழற்சி ஒன்று, கீழ்நோக்கியது ஒன்று; மூன்றாவதற்கு இடமில்லை. இது 1925இல் இயற்பியலாளர் பவுலி கண்ட விதி. எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் எல்லாம் இணைந்து காந்தத்தன்மை அடங்கிவிடும். ஒற்றைப்படையானால் ஓர் எலக்ட்ரான் இணையின்றி நிற்கும்.

இந்தத் தனி எலக்ட்ரானைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். மிகக் குளிர்ந்த நிலையில், பெரும்பாலும் ஒரு கெல்வினுக்கும் கீழே, அதாவது ஏறத்தாழ மைனஸ் 272 டிகிரி செல்சியஸில், அது ஒரு கணம் வெளியேற, எதிர்த் தற்சுழற்சி கொண்ட வேறொன்று அந்த இடத்துக்கு வருகிறது. இப்படி ஓயாமல் இடம் மாறுவதால், உள்ளே நிற்கும் தற்சுழற்சி வெளியே மின்முனைகளில் உள்ள எலக்ட்ரான்களோடு பிணைந்துவிடுகிறது. அந்தப் பிணைப்பே மின்னோட்டத்துக்குப் பாதையாகிறது. இதன் பெயர் கோண்டோ விளைவு. காந்த மாசு கலந்த உலோகத்தைக் குளிர்வித்தால் மின்தடை ஏன் கூடுகிறது என்பதை ஜப்பானிய இயற்பியலாளர் ஜூன் கோண்டோ 1964இல் விளக்கினார். உலோகத்தில் தடையைக் கூட்டும் அதே விளைவு, குவாண்டம் புள்ளியில் அடைபட்ட வழியைத் திறந்துவிடுகிறது. பலர் தடுக்கி விழும் இடம் இது. கோட்பாடு இதை 1988இல் முன்கூட்டியே சொன்னது. 1998இல் சோதனையில் கண்டார்கள்.

ஆகவே மகளிடம் இரண்டு வேலை சொல்லுங்கள். முதலில், வெப்பநிலையை உயர்த்தி அதே கணக்கை மறுபடி ஓட்டட்டும். நிரம்பியிருந்த ஒற்றைப்படைப் பள்ளங்கள் சூடு ஏற ஏற வற்ற வேண்டும். இரட்டைப்படைப் பள்ளங்கள் அப்படி வற்றக் கூடாது. அடுத்து, ஒற்றைப்படைப் பள்ளத்தில் வைத்து, இரு முனைகளுக்கும் இடையிலான மின்னழுத்தத்தை மாற்றிப் பார்த்தால் பூஜ்யத்தில் ஒரு சிகரம் தெரியும். போதிய காந்தப்புலம் கொடுத்தால் அது இரண்டாகப் பிளக்க வேண்டும். இரண்டும் நடந்தால் கணக்கு சரி.

இதை அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் அரை மணி நேரத்தில் சொல்லியிருக்கலாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1953இல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்ட ஊர் காரைக்குடி. அந்த ஊரில் ஒரு மாணவியின் வரைபடத்தைப் பார்க்க ஆள் இல்லாமல் அவள் தரகரிடம் போய் நிற்கிறாள் என்பது எனக்குத் தாங்கவில்லை. ஒருவர் தலையில் அத்தனை மாணவர்களைக் கட்டிவிட்டு, கடைசி மாதத்தில் ‘ரிப்போர்ட் எங்கே’ என்று கேட்கும் முறைதான் இந்தச் சென்டர்களை வளர்க்கிறது.

ஆய்விதழில் வெளியிடுவதாகச் சொல்வதும் வலைதான். பல்கலைக்கழக மானியக் குழு முனைவர் பட்டத்துக்கே ஆய்விதழ் வெளியீட்டைக் கட்டாயமாக்கும் விதியை 2022இல் எடுத்துவிட்டது. எம்.எஸ்சி. மாணவிக்கு எதற்கு அது? ஒரே ரிப்போர்ட்டைப் பெயர் மாற்றிப் பலருக்கு விற்பதும் இவர்களின் வழக்கம். அதே குழுவின் 2018 விதிப்படி, 60 சதவீதத்துக்கு மேல் நகல் என்று தெரிந்தால் மாணவியின் பதிவே ரத்தாகும். விற்றவருக்கு ஒன்றும் ஆகாது.

குறைந்த வெப்பநிலைப் படத்தையும் உயர்ந்த வெப்பநிலைப் படத்தையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக அச்சிட்டு, ஒவ்வொரு பள்ளத்தின் மேலும் எலக்ட்ரான் எண்ணிக்கையைக் குறித்து, பைண்டிங் கொடுப்பதற்கு முன் மகள் அதைப் பேராசிரியரிடம் நேரில் காட்டிக் கையொப்பம் வாங்கட்டும்.