வாசகர் கேள்வி-பதில்: பாபநாசம் சிவன், பாட்டும் வேஷமும்

கர்நாடக இசைப் பாடல்கள் இயற்றியவரும் பழைய சினிமாவில் பாடி நடித்தவருமான பாபநாசம் சிவனைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

சிவன் எந்தப் பாபநாசத்துக்காரர்? எங்கள் பக்கம் அருவிக்குப் போகும் வழியில் இருக்கிறதே, அந்தப் பாபநாசமா?
(வாசகர், அம்பாசமுத்திரம்)

அது இல்லை. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே இருக்கும் பாபநாசம். ஆனால் அவர் பிறந்தது அங்கேயும் இல்லை. அன்றைய தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த போலகத்தில், 1890 செப்டம்பர் 26 அன்று பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ராமையா. ஏழு வயதில் தந்தை போய்விட்டார். 1899இல் தாயார் யோகாம்பாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரம் சென்றார். மகாராஜா சம்ஸ்கிருதக் கல்லூரியில் வியாகரணம் (இலக்கணம்) படித்துப் பட்டம் பெற்றதும், நூரணி மகாதேவ பாகவதரிடம் பாட்டுப் பயின்றதும் அங்கேதான்.

1910இல் தாயாரும் காலமானார். அதன் பிறகு கோயில் கோயிலாகச் சுற்றிவிட்டு, பாபநாசத்தில் இருந்த அண்ணன் ராஜகோபாலய்யரிடம் வந்து சேர்ந்தார். உடம்பு முழுக்க விபூதி பூசிக்கொண்டு பாடியவரைப் பார்த்து, கணபதி அக்ரஹாரத்து ஜனங்கள் சிவனே வந்தது போல இருக்கிறது என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பாட்டில் இயற்றியவர் அடையாளமாக அவர் வைத்த முத்திரைப் பெயர் மட்டும் ‘ராமதாசன்’.

வீதி பஜனை செய்துகொண்டிருந்தவர் சினிமா நடிகர் ஆனது எப்படி? அந்தக் காலத்தில் அது கௌரவக் குறைச்சல் இல்லையா?
(வாசகி, மயிலாப்பூர்)

முதலில் பாட்டு எழுதத்தான் போனார். 1930 வாக்கில் சென்னைக்கு வந்து மயிலாப்பூரில் தங்கினார். அங்கே அவரிடம் பாட்டுக் கற்றுக்கொண்ட எஸ். ராஜம், 1934இல் வந்த ‘சீதா கல்யாணம்’ படத்தில் ராமர் வேஷம் போட்டார். அந்தப் படத்துக்குப் பாட்டு எழுதி மெட்டமைத்ததில் சிவனின் சினிமா வாழ்க்கை தொடங்குகிறது.

நடிப்பு வந்ததற்குக் காரணம் அன்றைய ஒலிப்பதிவு முறை. 1930களின் நடுவரை பின்னணிப் பாடல் என்ற ஏற்பாடே இங்கே கிடையாது. கேமரா ஓடும்போதே நடிகர் பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் படத்தில் தெரியாதபடி ஒதுங்கி உட்கார்ந்து வாசிப்பார்கள். குரலும் வாத்தியமும் ஒரே நேரத்தில் பதிவாகும். பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடுவதால், மூன்று நிமிஷப் பாட்டு 270 அடியைத் தின்றுவிடும். இரண்டாவது நிமிஷத்தில் தாளம் பிசகினாலும், மிருதங்கம் குரலை அமுக்கினாலும் அந்த ‘டேக்’ வீண், மறுபடி பல்லவியிலிருந்து எடுக்க வேண்டியதுதான். அதனால் முகம் எப்படி இருக்கிறது என்பதைவிட, ஒரே மூச்சாகப் பிசகாமல் பாடுவாரா என்பதே முதல் தகுதியாக இருந்தது. பாட்டை எழுதியவரே பாடி நடித்தால் ஒத்திகைக்கு ஆகும் நேரமும் மிச்சம்.

டைரக்டர் கே. சுப்ரமணியம் 1936இல் ‘பக்த குசேலா’வில் சிவனைக் குசேலராக்கினார். கிருஷ்ணன், குசேலர் மனைவி என்று இரண்டு வேஷத்திலும் எஸ்.டி. சுப்புலட்சுமி. சிவனுக்கு நாடகக் கம்பெனிப் பயிற்சி கிடையாது. மெலிந்த தேகமும் பஜனைக் குரலும்தான் அவர் கொண்டுபோன சரக்கு. குசேலருக்கு வேறு என்ன வேண்டும்?

அவர் நடித்த படங்களில் முக்கியமானது 1939இல் வந்த ‘தியாகபூமி’. கல்கியின் கதை ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது ஓவியங்களுக்குப் பதில் படத்தின் காட்சிகளையே அச்சிட்டார்கள். சிவன் ஏற்றது சம்பு சாஸ்திரி வேஷம். நெடுங்கரை கிராமத்தில் புயலின்போது சேரி ஜனங்களுக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்ததற்காக ஊராரால் விலக்கிவைக்கப்படுகிறவர். பிறகு சென்னைச் சாவடிக்குப்பத்தில் எளிய மக்களுக்கு நடுவே பஜனை பாடி வாழ்கிறவர். நிஜத்தில் மயிலாப்பூர் மாடவீதியில் பஜனை பாடி எப்படி நடப்பாரோ அப்படியே படத்தில் நடந்தால் போதும் என்கிற வேஷம் அது. சுதந்திரப் போராட்டச் சாயலுக்காகப் பிரிட்டிஷ் அரசாங்கம் பிற்பாடு படத்தைத் தடைசெய்தது. புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பிரதி இருக்கிறது. திரையிடும் வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

அதன் பிறகு ‘பக்த சேதா’ (1940), ‘குபேர குசேலா’ (1943), அவ்வளவுதான். 1938இல் ஏ.வி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ வழியாக ஒருவர் பாட இன்னொருவர் வாயசைக்கும் முறை வந்துவிட்டது. அது பரவப் பரவ, பாடகரே நடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்தது.

கௌரவக் குறைச்சல் என்று பேசியவர்கள் இருந்திருக்கலாம். அந்தப் பேச்சு மார்கழி பஜனையைத் தொடவில்லை. கபாலீஸ்வரர் கோயிலின் நான்கு மாடவீதிகளிலும் விடியலுக்கு முன் அவர் பாடிப்போன வழக்கம் சினிமாக் காலத்திலும் அதற்குப் பிறகும் நின்றதில்லை.

பக்திப் பாட்டு எழுதியவரா ‘மன்மத லீலையை வென்றார் உண்டோ’ எழுதினார்? நம்ப முடியவில்லை.
(வாசகர், சேலம்)

அவரேதான். 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’ படத்துப் பாட்டு அது. எம்.கே. தியாகராஜ பாகவதர் பாடினார். பாட்டும் மெட்டும் சிவனுடையவை, வாத்திய இசை ஜி. ராமநாதனுடையது.

அந்தப் பாட்டைத் தனியாகப் பார்க்காதீர்கள். ஹரிதாஸ் முதலில் சிற்றின்பத்தில் மூழ்கிக் கிடக்கிறவன், பிறகு பெற்றோர் காலில் விழுந்து பக்தனாகிறவன். முன்பாதிக்குச் சாருகேசி ராகத்தில் இந்தப் பாட்டு, பின்பாதிக்கு ‘கிருஷ்ணா முகுந்தா முராரே’ என்று நவரோஜ் ராகம். வேஷம் போட்டுப் பார்த்த புலவர் என்பது இங்கே தெரிகிறது. தன் மனசைப் பாடாமல் பாத்திரத்தின் மனசைப் பாடுகிறார். சாருகேசி அன்றைக்குக் கச்சேரி மேடையில் அபூர்வமான ராகம். சினிமாக் கொட்டகை வழியாகத்தான் அது வீட்டுக்கு வீடு போனது.

பாடிப் பார்க்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். சாருகேசி 26ஆவது மேளம் (தாய் ராகம்), அதன் தைவதம், அதாவது ‘த’ ஸ்வரம், தாழ்ந்து நிற்கிற சுத்த தைவதம். பாடுகிறவர்கள் வழுக்குகிற இடமும் அதுதான். தைவதம் கொஞ்சம் ஏறி, உயர்ந்த வகையான சதுச்ருதி ஆகிவிட்டால் ராகம் ஹரிகாம்போஜியாகிவிடும். ‘ப த நி’ மட்டும் சுருதியோடு பத்து முறை நிதானமாகப் பாடிவிட்டுப் பாட்டைத் தொடுங்கள். நவரோஜில் சிக்கல் வேறு. மந்திர (கீழ் ஸ்தாயி) பஞ்சமத்துக்கும் மத்திய (நடு ஸ்தாயி) பஞ்சமத்துக்கும் இடையிலேயே உலவுகிற ராகம் அது. கீழ்ப் பஞ்சமம் காற்றாகப் போகிறவர்கள் சுருதியை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ ஏற்றிக்கொள்ள வேண்டும்.

வி.என். ஜானகி இவருக்கு உறவா?
(வாசகி, திருப்பூர்)

ஆமாம். மேலே சொன்ன அண்ணன் ராஜகோபாலய்யரின் மகள்தான் நடிகை வி.என். ஜானகி, எம்.ஜி.ஆரின் மனைவி, 1988 ஜனவரியில் தமிழக முதல்வராக இருந்தவர்.

‘என்றைக்கு சிவகிருபை வருமோ’ சிவன் பாட்டு என்று ஒரு மேடையில் அறிவித்தார்கள். சரியா?
(வாசகர், நாகர்கோவில்)

சிவன் பாட்டுதான், ஆனால் வேறு சிவன். அது முகாரியில் நீலகண்ட சிவன் செய்தது. பௌளியில் வரும் ‘சம்போ மகாதேவா’வும் அவருடையதே. திருவனந்தபுரத்தில் அவருடைய பஜனைகளைக் கேட்டு வளர்ந்தவர் பாபநாசம் சிவன். அதனால் நடையும் சொல்லும் ஒத்துப்போகும், குழப்பம் வரும். அதேபோல ‘என்ன தவம் செய்தனை’யை ஊத்துக்காடு வேங்கட சுப்பையர் பெயரில் போடுகிறார்கள். அந்தக் காபி ராகப் பாட்டு பாபநாசம் சிவனுடையது. முத்திரையை மட்டும் நம்பி முடிவுகட்ட முடியாது. ‘ராமதாசன்’ எல்லாப் பாட்டிலும் வராது.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. நான்கு வர்ணம் பாடம் ஆகிவிட்டது. சிவன் கிருதிகளை எந்த வரிசையில் சொல்லிக்கொடுக்கலாம்?
(வாசகி, திருச்சி)

ஹம்சத்வனியில் ‘மூலாதார மூர்த்தி’யில் தொடங்குங்கள். மத்தியமமும் தைவதமும் இல்லாத ஐந்து ஸ்வர ராகம், ஆதி தாளம், சொற்களும் எளிது. முதலில் நிமிஷத்துக்கு 60 அட்சரம் (தாள எண்ணிக்கை) என்று வைத்தால், எட்டு அட்சரம் கொண்ட ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) எட்டு விநாடி. அந்த வேகத்தில் சாகித்யம் (பாட்டின் வரிகள்) உதிராமல் வந்த பிறகுதான் 70, 80 என்று ஏற்ற வேண்டும்.

அடுத்து ஹிந்தோளத்தில் ‘நம்பிக் கெட்டவர் எவரையா’. இந்த ராகத்தில் பஞ்சமம் கிடையாது. பஞ்சமம் வைத்த தம்பூராவோடு பாடினால் பழகாத பிள்ளைக்கு மத்தியமம் அந்தப் பக்கம் இழுபடும். எலெக்ட்ரானிக் தம்பூராவை மத்தியமத்துக்கு மாற்றிவிடுங்கள். இதற்குப் பிறகு மோகனத்தில் ‘கபாலி’.

நான்காவதாக நவரச கன்னடாவில் ‘நானொரு விளையாட்டு பொம்மையா’. ஆரோகணம் ஸ க ம ப ஸ, அவரோகணம் ஸ நி த ம க ரி ஸ. ஏறும்போது நிஷாதம், தைவதம், ரிஷபம் இல்லை, இறங்கும்போது பஞ்சமம் இல்லை. ஹரிகாம்போஜி வாசனையில் வளர்ந்த பிள்ளைகள் ‘ப த நி ஸ’ என்று ஏறிவிடுவார்கள். அது வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதைவிட முக்கியம் மூச்சு. ‘பொம்மையா’ என்று முடித்துத்தான் மூச்சு வாங்க வேண்டும். ‘விளையாட்டு’ என்று நிறுத்தி மூச்சு வாங்கினாலோ, கடைசி ‘யா’வை விழுங்கினாலோ அம்பாளிடம் கேட்கிற கேள்வி செத்துவிடும். சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றி மெருகேற்றிப் பாடுவது) குறைந்தாலும் பரவாயில்லை, அந்தக் கேள்வி கேட்பவர் காதில் விழ வேண்டும். சிவன் கிருதிகளைப் பாடுகிறவர்கள் அதிகம் தவறுகிற இடம் ராகம் அல்ல, இப்படிப் பதம் பிரிப்பதுதான் என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஐந்தாவதாகக் காம்போஜியில் ‘காணக் கண் கோடி வேண்டும்’. கபாலியின் பவனியை நகை நகையாக, மாலை மாலையாக வருணித்துக்கொண்டு போகிற பாட்டு. மதுரை மணி ஐயரின் பதிவைக் கேட்கச் சொல்லுங்கள்.

வராளியில் உள்ள ‘கா வா வா’வைக் கடைசிக்கு வையுங்கள். காந்தாரம் மிகவும் தாழ்ந்து, ரிஷபத்தை ஒட்டி நிற்கும். மத்தியமமோ பஞ்சமத்தை இடிக்கிற அளவுக்கு உயர்ந்து நிற்கும். ஹார்மோனியத்திலோ கீபோர்டிலோ தேடினால் இரண்டுமே கிடைக்காது. வராளியைக் குரு நேராகச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்ற நம்பிக்கை இருப்பதால், பலரும் கேட்டே கற்றுக்கொண்ட பாட்டு இது. அந்த நம்பிக்கை இல்லாதவர்களும் காதால் பிடிப்பதே நல்லது.

சிவன் பாட்டுகளைப் பாடி யூடியூபில் போடலாமா?
(வாசகர், பெங்களூரு)

இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. சிவன் காலமானது 1973 அக்டோபரில். ஆகவே அவருடைய சாகித்யங்களுக்கு 2033 டிசம்பர் 31 வரை உரிமை நீடிக்கும். பழைய கிருதிதானே என்று தியாகராஜர் பாட்டோடு சேர்த்துவிடக் கூடாது. படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் கணக்கு வேறு, வெளியான ஆண்டிலிருந்து 60. அதன்படி ‘ஹரிதாஸ்’ படத்துக்குக் காலம் முடிந்துவிட்டது, அதில் உள்ள சாகித்யத்துக்கு முடியவில்லை. சினிமாப் பாட்டின் உரிமை எழுதியவர் வாரிசிடமா, தயாரிப்பாளர் வழியிலா என்பது அன்றைக்குச் செய்த ஒப்பந்தத்தைப் பொறுத்தது. காணொளியில் இயற்றியவர் பெயரைப் போடுவது மரியாதை, ஆனால் அது அனுமதி ஆகாது. வருமானம் வரும் சேனல் என்றால் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுப் பதிவேற்றுங்கள்.