அந்த 26 மைலை மெதுவா போங்க

வணக்கம் சார்,
பொண்ணு மெம்பிஸ்ல இருக்கா, அடுத்த மாசம் நானும் வீட்டம்மாவும் போறோம். எனக்கு ப்ளூஸ் பாட்டுக்காரர் பி.பி. கிங்கோட கிட்டார்னா உயிர். மிசிசிப்பியில இண்டியனோலாங்கற ஊர்ல அவரோட மியூசியம் இருக்காம். மாப்ளை மேப்பை பாத்துட்டு "சன்ஃப்ளவர் கவுண்டி முழுக்க வயக்காடுதான் மாமா, மியூசியத்த பாத்துட்டு சாயங்காலமே திரும்பிடலாம்"ங்கறார். வேற ஒண்ணுமே இல்லையா? கடல் எங்கயோ இருக்கு, அந்த இடத்த ஏன் டெல்டாங்கறாங்க?
எஸ்.ஆர்., மதுரை

வணக்கம் எஸ்.ஆர். சார்,

மிசிசிப்பி ஆறு கடல்ல கலக்கற இடம் ரொம்ப தெற்க, நியூ ஆர்லியன்ஸையும் தாண்டி. இவங்க டெல்டாங்கறது மிசிசிப்பிக்கும் யாஸூ ஆத்துக்கும் நடுவுல இருக்கற வெள்ளச் சமவெளியை. காலங்காலமா வெள்ளம் கொண்டாந்து போட்ட வண்டல், மேடே கிடையாது, பருத்திக்கு அப்படி ஒரு மண்ணு. அந்த மண்ணாலதான் பெரிய பெரிய பண்ணைங்க வந்துச்சு, பண்ணையில வாரத்துக்கு பயிர் வெச்சு கடன்லயே கிடந்த கறுப்பின குடும்பங்கள், அதுல ஒண்ணுலேர்ந்துதான் உங்க பி.பி. கிங். டிராக்டர் ஓட்டுனவர், இண்டியனோலா தெருமுனைல நின்னு காசுக்கு வாசிப்பார், 1946ல டிராக்டரை உடைச்சிட்டு பயந்துபோய் மெம்பிஸுக்கு ஓடினார். அவர் ஓடின வழியில நீங்க எதிர்ப்பக்கமா வரப்போறீங்க.

ரயில் பக்கத்து கவுண்டி கிரீன்வுட் வரைக்கும்தான், அதனால கார்லயே போங்க. 61ம் நம்பர் ஹைவேல தெற்க வந்து கிளீவ்லண்ட்ல 8ம் நம்பர் ரோட்ல கிழக்க திரும்பினா டாக்கரி பண்ணை, 1895ல ஆரம்பிச்சது. ஆரம்பகால ப்ளூஸ் பாடகர் சார்லி பேட்டன் இருந்த இடம், ப்ளூஸ்ங்கற இந்த கறுப்பின மக்களோட இசையை கேக்கற யாரும் தாண்டிப் போகக்கூடாது. அடுத்து ரூல்வில். அங்கேர்ந்து 49 மேற்கு ஹைவேல இண்டியனோலா 26 மைல். நான் இவ்ளோ எழுதறதே இந்த 26 மைலுக்காகத்தான்.

1962 ஆகஸ்ட் 31, ரூல்வில்லேர்ந்து 18 பேர் ஒரு பழைய பஸ்ல இண்டியனோலா கோர்ட்டுக்கு போனாங்க, ஓட்டுரிமைக்கு பேர் பதிய. அதுல ஒருத்தர் ஃபேனி லூ ஹேமர், வயசு 44, கறுப்பினத்தவங்களும் ஓட்டு போடலாம்கறதே அந்த வருஷம்தான் அவங்களுக்கு தெரியும். யாரையும் பதிய விடல. திரும்பும்போது போலீஸ் மறிச்சு, பஸ்ஸோட கலர் தப்பு, ரொம்ப மஞ்சளா இருக்குன்னு டிரைவருக்கு ஃபைன். எல்லாரும் காசு சேத்து கட்டினாங்க, பயந்து உக்காந்திருந்தவங்களுக்கு ஹேமர் பாட்டு பாடினாங்க. ஊருக்கு வந்தா பண்ணைக்காரர், பதிவை வாபஸ் வாங்கு இல்லன்னா வெளிய போங்கறார், 18 வருஷம் வேலை பாத்த இடம் சார் அது. "நான் உங்களுக்காக பதியப் போகல, எனக்காகத்தான் போனேன்"னு சொல்லிட்டு அன்னிக்கு ராத்திரியே வெளியேறிட்டாங்க. இதை எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு தொண்டை அடைச்சுக்கும்.

ரெண்டு வருஷம் கழிச்சு அட்லாண்டிக் சிட்டியில, ஜனநாயகக் கட்சி மாநாட்டுல, டிவி கேமரா முன்னாடி, ஹேமர் தன் முகவரியை சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிச்சாங்க. ரூல்வில், சன்ஃப்ளவர் கவுண்டி, செனட்டர் ஈஸ்ட்லண்டோட ஊர்னு. ஈஸ்ட்லண்ட் யாருன்னா, கறுப்பினத்தவங்க உரிமைக்கு பல வருஷம் குறுக்க நின்னவர், 1956லேர்ந்து 1978 வரைக்கும் செனட் நீதிக்குழு தலைவர், சிவில் ரைட்ஸ் மசோதாக்கள் போய் முடங்கினது அந்த குழுவுலதான். அவரோட பண்ணை டாட்ஸ்வில்ல, நீங்க போற அதே ரோட்ல, ரூல்வில்லுக்கும் இண்டியனோலாவுக்கும் நடுவுல.

ரூல்வில்லுக்கு வடக்க ட்ரூனு ஒரு ஊர். அது பக்கத்துல ஒரு களஞ்சியத்துலதான் 1955ல எம்மெட் டில்ங்கற 14 வயசு கறுப்பின பையனை வெள்ளைக்காரங்க அடிச்சு கொன்னாங்க.

அதனால மாப்ளைகிட்ட சொல்லி இண்டியனோலாவுல ஒரு ராத்திரிக்கு ரூம் போடச் சொல்லுங்க. முதல் நாள் ரூல்வில்ல ஹேமர் சமாதிக்கு போயிட்டு 49ல மெதுவா வாங்க, மியூசியம் மறுநாள் காலைல. பி.பி. கிங்கை அடக்கம் பண்ணினதும் அந்த மியூசியத்துலயேதான்.