மதிப்பெண் பட்டியலில் எந்த எண் எதற்கு? தேர்வு முடிவுகள் குறித்த கேள்வி பதில்

பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு முடிவுகளை ஒட்டி வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை "இந்த மதிப்பெண் போதுமா?" என்றுதான் தொடங்குகின்றன. எதற்குப் போதுமா என்பதை வைத்தே இதற்குப் பதில் சொல்ல முடியும். ஏனென்றால் பொறியியல், கலை அறிவியல், மருத்துவம், தேசியத் தொழில்நுட்பக் கழகம் (என்.ஐ.டி.) ஆகிய ஒவ்வொரு சேர்க்கையும் அதே பட்டியலில் வெவ்வேறு எண்களைப் பார்க்கிறது. பட்டியலின் அடியில் இருக்கும் மொத்த மதிப்பெண்ணை வைத்துத் தரம் பிரிப்பவை மிகக் குறைவு.

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் 600க்கு 512 எடுத்திருக்கிறாள். அவளுடன் படித்த பக்கத்து வீட்டுப் பெண் 548. இருவருமே பொறியியலுக்கு விண்ணப்பிக்கிறார்கள். எங்களுக்கு நல்ல கல்லூரி கிடைக்குமா என்று கவலையாக இருக்கிறது. (ஒரு தந்தை, திருச்சி)

நீங்கள் இருவருடைய பாடவாரி மதிப்பெண்களையும் அனுப்பியிருப்பது நல்லதாயிற்று. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் தமிழும் ஆங்கிலமும் கணினி அறிவியலும் கட்-ஆஃபில் சேருவதில்லை. கணித மதிப்பெண் முழுமையாகவும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்கள் பாதியாகவும் கூட்டப்பட்டு 200க்குக் கணக்கிடப்படுகின்றன. தங்கள் மகள் கணிதத்தில் 94, இயற்பியலில் 84, வேதியியலில் 88 பெற்றிருப்பதால் அவருடைய கட்-ஆஃப் 94 + 42 + 44 = 180. பக்கத்து வீட்டுப் பெண்ணின் மதிப்பெண்கள் அதே வரிசையில் 85, 83, 86. அவருடைய கட்-ஆஃப் 85 + 41.5 + 43 = 169.5. மொத்தத்தில் 36 மதிப்பெண் பின்தங்கியிருக்கும் உங்கள் மகள், கலந்தாய்வு வரிசையில் வெகுவாக முன்னால் நிற்பார். தமிழில் 98 எடுத்த அந்தப் பெண்ணின் உழைப்பை இது குறைத்துச் சொல்வதாகாது, பி.ஏ. தமிழுக்கு விண்ணப்பித்தால் அரசுக் கல்லூரியில் அந்த 98தான் அவரை முன்னே நிறுத்தும். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பி.காம்., பி.எஸ்சி. போன்ற மற்றப் பட்டப்படிப்புகளுக்கு நான்கு முதன்மைப் பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கோ நீட் மதிப்பெண்தான் தரவரிசையைத் தீர்மானிக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண் அங்கே தகுதியைக் காட்ட மட்டுமே பயன்படுகிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது, கடந்த ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பாடப்பிரிவிலும் கடைசியாக இடம் பெற்றவருடைய விவரத்தை உங்கள் சாதி இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு உரிய வரிசையில் பார்ப்பது. அப்படிப் பார்க்கும்போது கட்-ஆஃப் மதிப்பெண்ணைவிடத் தரவரிசை எண்ணையே நம்புங்கள். வினாத்தாள் எளிதாக அமைந்த ஆண்டில் 180 எடுத்தவர்கள் பெருகிவிடுவார்கள் என்பதால், சென்ற ஆண்டு 180க்குக் கிடைத்த இடம் இந்த ஆண்டும் 180க்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது; தரவரிசை எண் அந்த அளவுக்கு ஏமாற்றாது. ஒரே கட்-ஆஃப் பெற்றவர்களுக்குள் முதலில் கணித மதிப்பெண்ணையும் அடுத்து இயற்பியலையும் ஒப்பிடுகிறார்கள். எல்லாம் சமமாக இருந்தால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை, அதுவும் சமமானால் குலுக்கல் போல வழங்கப்படும் சமவாய்ப்பு எண். விருப்பப் பட்டியலைப் பதிவு செய்யும்போது "கிடைக்காது" என்று நீங்களே முடிவு செய்து மேலான கல்லூரிகளை விட்டுவிட வேண்டாம். உண்மையாகவே விரும்பும் வரிசையில் அவற்றை மேலே வைப்பதால் கீழே இருக்கும் இடங்கள் பறிபோவதில்லை.

கேள்வி: எனக்கு வேதியியலில் 44 மதிப்பெண். 35 எடுத்தால் தேர்ச்சி என்கிறார்கள். ஆனால் தேர்ச்சி பெறவில்லை என்று வந்திருக்கிறது. இது தவறா? (மாணவர், விருத்தாசலம்)

தவறில்லை. செய்முறைத் தேர்வு உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என மதிப்பெண் பிரிக்கப்பட்டிருக்கிறது. மூன்றும் சேர்ந்து 35 வர வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. எழுத்துத் தேர்வில் மட்டும் குறைந்தது 15 பெற வேண்டும் என்பது அதனுடன் இணைந்த மற்றொரு நிபந்தனை. (செய்முறை இல்லாத பாடங்களில் எழுத்துத் தேர்வின் 90க்குக் குறைந்தது 25.) நீங்கள் செய்முறையில் 20, அகமதிப்பீட்டில் 10 என முழுமையாகப் பெற்றும் எழுத்துத் தேர்வில் 14 மட்டுமே எடுத்திருப்பதால், ஒரே ஒரு மதிப்பெண்ணில் தேர்ச்சியை இழந்திருக்கிறீர்கள்.

ஒரு மதிப்பெண் மட்டுமே குறைந்திருக்கும் நிலையில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிப்பது நியாயமான செலவு என்றே கருதுகிறேன். ஆனால் படிகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மறுகூட்டல் என்பது கொடுத்த மதிப்பெண்களைச் சரியாகக் கூட்டியிருக்கிறார்களா, ஏதேனும் விடை திருத்தப்படாமல் விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பது. விடைகளை மீண்டும் படித்து மதிப்பெண் இடுவது மறுமதிப்பீடு. நகல் பெற்றவர்கள் மட்டுமே அதற்கு விண்ணப்பிக்க முடியும். எனவே நகல் கேட்டிருக்கும் பாடத்துக்கு இப்போதே மறுகூட்டல் கேட்க வேண்டாம். நகல் வந்ததும் உங்கள் வேதியியல் ஆசிரியருடன் அமர்ந்து, விடைக்குறிப்பை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வினாவாகச் சரிபாருங்கள். குறிப்பாகக் கூடுதல் தாள்களில் எழுதிய விடைகளின் மதிப்பெண் முகப்புப் பக்கத்தில் ஏறியிருக்கிறதா என்பதையும், சமன்பாடு சரியாக இருந்து விளக்கம் குறைந்த இடங்களில் பகுதி மதிப்பெண் தரப்பட்டிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

இதன் முடிவுக்காகக் காத்திருந்து துணைத்தேர்வு விண்ணப்பத்தைத் தவறவிடுவது, இத்தகைய மாணவர்கள் அடிக்கடி செய்துவிடும் தவறு. இரண்டும் ஒன்றுக்கொன்று தடையில்லை. இன்றே உங்கள் பள்ளியில் துணைத்தேர்வுக்கும் பதிவு செய்துவிடுங்கள். வேதியியல் வினாத்தாளில் 15 ஒரு மதிப்பெண் வினாக்கள் வருகின்றன. விடையின் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்ற அறிவுறுத்தலைக் கவனித்து, பாடநூலின் பயிற்சி வினாக்களை முழுமையாகப் படித்தாலே 15 என்ற எல்லையை நெருங்கிவிடலாம். துணைத்தேர்வில் தேர்ச்சி பெறுவோருக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வும் நடத்தப்படுகிறது என்பதால், இந்த ஆண்டு வீணாகிவிட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டியதில்லை.

கேள்வி: சி.பி.எஸ்.இ.யில் என் மகனுக்கு ஒரு பாடத்தில் 87க்கு ஏ2, இன்னொரு பாடத்தில் அதே 87க்கு பி1. மேலும், மாநிலப் பாடத்திட்ட மாணவர்களுடன் பொறியியல் கலந்தாய்வில் போட்டியிட முடியுமா? (தாய், கோயம்புத்தூர்)

சி.பி.எஸ்.இ. தரக்குறியீடு நிலையான மதிப்பெண் எல்லைகளைக் கொண்டதன்று. ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற்றவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ1, அடுத்த பங்கினருக்கு ஏ2 என்று வழங்குகிறார்கள். ஆகவே எல்லோரும் அதிகம் எடுக்கும் பாடத்தில் 87 எடுத்தவருக்கும் தாழ்ந்த குறியீடு வருவது இயல்பு. சேர்க்கைகளில் பெரும்பாலும் மதிப்பெண்தான் பார்க்கப்படும் என்பதால் குறியீட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

பொறியியல் கலந்தாய்வில் பிற வாரிய மாணவர்களின் மதிப்பெண்கள் சமன்செய்யப்படுகின்றன. மாநில வாரியத்தில் இயற்பியலின் உச்ச மதிப்பெண் 100 ஆகவும் மற்றொரு வாரியத்தில் 90 ஆகவும் இருந்தால், அந்த 90ஐ 100க்கு இணையாகக் கொண்டு, அங்கே 60 எடுத்தவருக்கு 66.66 என்று கணக்கிடுவார்கள். இரு வாரியங்களிலும் உச்ச மதிப்பெண் 100ஆக இருந்தால் இதனால் எந்த மாற்றமும் நேராது. எனவே சமன்செய்தல் தங்கள் மகனைக் கைதூக்கிவிடும் என்று எண்ணிக் கணக்குப் போட வேண்டாம்.

கேள்வி: என்.ஐ.டி. சேர்க்கைக்கான நுழைவுத்தேர்வான ஜே.இ.இ. மெயினில் எனக்கு 85 பெர்சன்டைல். பிளஸ் டூவில் 71 சதவீதம். 85 சதவீதம் எடுத்தவனுக்கு என்.ஐ.டி. கிடைக்காதா என்று வீட்டில் கேட்கிறார்கள். (மாணவர், மதுரை)

85 பெர்சன்டைல் என்பது 85 சதவீத மதிப்பெண் அன்று. தேர்வெழுதிய 100 பேரில் 85 பேர் உங்களுக்குச் சமமாகவோ கீழாகவோ இருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். 10 லட்சம் பேர் எழுதியதாகக் கொண்டால், உங்களுக்கு முன்னால் சுமார் 1,50,000 பேர் நிற்கிறார்கள். இந்த ஒரு கணக்கை வீட்டாருக்குக் காட்டினால் விவாதம் முடிந்துவிடும்.

பிளஸ் டூ மொத்தத்துக்கு உண்மையாகவே வேலை இருக்கும் சில இடங்களில் என்.ஐ.டி.யும் ஒன்று. ஜே.இ.இ. தரவரிசை மூலம் அங்கே சேர, பிளஸ் டூவில் 75 சதவீதம் பெற்றிருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 65. அல்லது தம் வாரியத்தில் முதல் 20 பெர்சன்டைலுக்குள் இருக்க வேண்டும். ஆனால் அந்த 75 சதவீதத்தை ஆறு பாடங்களுக்கும் கணக்கிடுவதில்லை. இயற்பியல், வேதியியல், கணிதம், அதிக மதிப்பெண் பெற்ற ஒரு மொழி, மற்றொரு பாடம் என ஐந்தை மட்டுமே எடுக்கிறார்கள். குறைந்த மதிப்பெண் பெற்ற மொழியை நீக்கிவிட்டு 500க்குக் கணக்கிட்டுப் பாருங்கள். சில மாணவர்களுக்கு விடை மாறிவிடுவதுண்டு. உங்களுடைய தற்போதைய தரவரிசைக்கு மாநிலக் கலந்தாய்வே நம்பத்தக்க வழி என்பது என் கருத்து.

கேள்வி: அரசுப் பள்ளியில் படித்த என் தங்கைக்குக் கட்-ஆஃப் 148. கட்டணம் கட்டவும் வசதியில்லை. பொறியியல் எங்களுக்கு எட்டுமா? (அண்ணன், பெரம்பலூர்)

எட்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளிகளிலேயே படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுவோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இதற்குத் தனித் தரவரிசை உண்டு என்பதால் 148ஐப் பொதுப் பட்டியலுடன் மட்டும் ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம். படித்த பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் படிப்புச் சான்று வாங்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் காலம் பிடிக்கும். குடும்பத்தில் முதலில் பட்டப்படிப்புக்குச் செல்பவர் அவர் என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள். கல்லூரியில் சேர்ந்த பின் புதுமைப் பெண் திட்டத்தின் கீழ் மாதம் 1,000 ரூபாயும் அவருக்குக் கிடைக்கும்.

கேள்வி: ஒரு தனியார் கல்லூரியில் "இப்போதே முன்பணம் கட்டி, அசல் சான்றிதழ்களைக் கொடுத்தால்தான் இடம் உறுதி" என்கிறார்கள். (பெற்றோர், சேலம்)

அசல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள். சரிபார்த்த பிறகு அவற்றை உடனே திருப்பித் தர வேண்டும், கல்லூரி தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் தெளிவாகவே அறிவித்திருக்கிறது. அசல் கையில் இல்லாமல் போனால், கலந்தாய்வில் இதைவிட நல்ல இடம் கிடைத்தாலும் அதை ஏற்க நீங்கள் முதலில் இந்தக் கல்லூரியின் வாசலில் நிற்க நேரிடும். சான்றிதழைக் கேட்பவர்களின் நோக்கமும் பெரும்பாலும் அதுதான். பணம் கட்டியே தீர வேண்டும் என்று தோன்றினால், எந்தக் கட்டணத்துக்கு எவ்வளவு என்று குறிப்பிட்ட ரசீதைப் பெறாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். ரசீது தர மறுக்கும் கல்லூரியில் மகனை நான்கு ஆண்டுகள் படிக்க வைப்பது குறித்தும் ஒருமுறை யோசியுங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்பில் என் மகன் 500க்கு 291. தமிழ் 75, ஆங்கிலம் 45, கணிதம் 41, அறிவியல் 52, சமூக அறிவியல் 78. அவன் அப்பா உயிரியல்-கணிதப் பிரிவுதான் வேண்டும் என்கிறார். (தாய், நாகர்கோவில்)

கணிதத்தில் 41 என்பது தேர்ச்சிதான். ஆனால் பிளஸ் ஒன் கணிதமும் இயற்பியலும் பத்தாம் வகுப்பின் தொடர்ச்சியாக மட்டும் இல்லாமல் சட்டென்று உயர்பவை. அந்தப் பிரிவில் சேர்த்துவிட்டு, இரண்டு ஆண்டுகளும் தனிப்பயிற்சி வகுப்புகளுக்கு அனுப்பி, இறுதியில் 110, 120 என்ற கட்-ஆஃபுடன் வெளியே வரும் பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்குப் பாடத்தின் மீதும் தம் மீதும் இருந்த நம்பிக்கை குறைந்துவிடுகிறது. தங்கள் மகனின் தமிழும் சமூக அறிவியலும் காட்டும் திசை வேறு. வணிகவியல் பிரிவோ, வரலாறு, பொருளியல் உள்ள பிரிவோ அவருக்குப் பொருந்தும் என்றே நினைக்கிறேன், பி.காம்., சட்டம், பட்டயக் கணக்காளர் படிப்பு, அரசுப் பணித் தேர்வுகள் ஆகிய அனைத்துக்கும் அங்கிருந்து வழி உண்டு.

தொழில்நுட்பத்தில்தான் அவருக்கு ஆர்வம் என்றால், அதற்கும் உயிரியல்-கணிதம் ஒன்றே வழி அன்று. ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆனால் பாலிடெக்னிக் முதல் ஆண்டிலும் கணிதம் கணிசமாக உண்டு என்பதை மறந்துவிட வேண்டாம். முடிவெடுக்கும் முன் மகனை உட்கார வைத்து, எந்தப் பாடத்தின் புத்தகத்தைத் தேர்வு இல்லாத நாளிலும் அவர் திறப்பார் என்று கேளுங்கள். அப்பாவும் அந்த நேரத்தில் உடனிருப்பது நல்லது.

கேள்வி: மகள் இரண்டு பாடங்களில் தேர்ச்சி பெறவில்லை. முடிவு வந்ததிலிருந்து சாப்பிடவில்லை, யாருடனும் பேசவில்லை. (தாய், ஊர் வேண்டாம்)

துணைத்தேர்வு விவரங்களை இன்னும் சில நாள் கழித்துப் பேசிக்கொள்ளலாம். இப்போது அவரைத் தனியாக விடாதீர்கள். உறவினர்கள் மதிப்பெண் கேட்டு அழைத்தால் தொலைபேசியை நீங்களே எடுத்துப் பேசுங்கள். 104 என்ற எண்ணிலும், 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணிலும் எந்த நேரமும் ஆலோசகர்கள் பேசுவார்கள். முதலில் நீங்கள் அழைத்து நிலைமையைச் சொல்லுங்கள், பிறகு மகளிடம் கொடுங்கள். உயிரை விட்டுவிடுவது பற்றி அவர் ஒரு சொல் சொன்னாலும் அதைப் பேச்சுக்குச் சொன்னதாகக் கொள்ளாமல் அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: தற்காலிக மதிப்பெண் சான்றிதழில் என் முதலெழுத்து (இனிஷியல்) தவறாக இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்த பிறகு திருத்திக்கொள்ளலாமா? (மாணவி, வேலூர்)

இப்போதே திருத்துங்கள். அசல் சான்றிதழ் அச்சாவதற்கு முன் பள்ளித் தலைமையாசிரியர் மூலம் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பித்தால் வேலை எளிதாக முடியும். அச்சான பிறகு அதே திருத்தத்துக்குக் கூடுதல் ஆவணங்களும் காலமும் தேவைப்படும். பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றிலும் முதலெழுத்து ஒன்றுபோல இருக்கிறதா என்று அதே வேளையில் பார்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு மையத்தில் விண்ணப்பங்கள் தேங்கிப்போவது பெரும்பாலும் இந்த ஓர் எழுத்தினால்தான்.