உயர்நிலைப் பள்ளிக்கு எந்த இடம்? ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் பதில் சொல்கிறார்

நடுநிலைப் பள்ளி உயர்நிலையாகத் தரம் உயர்ந்தது என்ற அரசாணை வந்த அன்று ஊரே இனிப்பு வாங்கிச் சாப்பிடும். கட்டடத்தை எங்கே கட்டுவது என்ற பேச்சு எழுந்ததும் அதே ஊர் இரண்டு மூன்றாகப் பிரிந்து நிற்கும். 32 வருடப் பணியில் மூன்று ஊர்களில் இந்தச் சண்டைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு ஊர்களில் நல்ல இடம் அமைந்தது. ஒன்றில் தவறான இடத்துக்கு நானும் கையெழுத்துப் போட்டேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இந்தப் பதில்கள்.

கேள்வி (ஆறாம் வகுப்பு மாணவனின் தாய்): இருக்கிற பள்ளியிலேயே இரண்டு அறை கூடுதலாகக் கட்டிக்கொண்டால் போதாதா ஐயா? எதற்குப் புது இடம், எதற்கு இந்தச் சண்டை?

பதில்: இடம் போதுமானால் அதைவிட நல்லது எதுவும் இல்லை அம்மா. பெரும்பாலும் போதாது. தரம் உயர்ந்ததும் 1 முதல் 5 வரை தனித் தொடக்கப் பள்ளியாகப் பிரியும். 6 முதல் 10 வரை உயர்நிலைப் பள்ளி. இரண்டுக்கும் தனித்தனித் தலைமை ஆசிரியர், தனித்தனிக் கழிப்பறை, அதற்கு மேல் ஆய்வகம், விளையாட இடம். இத்தனையும் 40 சென்ட் வளாகத்துக்குள் அடங்காது. ஒரு கபடிக் களத்துக்கு மட்டுமே 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் வேண்டும்.

நெருக்கிக்கொண்டு பள்ளி நடத்தினால் என்ன ஆகும் என்பதை 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பார்த்தோம். ஒரே கட்டடத்தில் பல பள்ளிகள், ஓலைக் கூரை, குறுகலான படி. 94 குழந்தைகள் போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் தனியார் பள்ளிகளுக்குக் கிராம ஊராட்சியில் 3 ஏக்கர், பேரூராட்சியில் 1 ஏக்கர் என்று குறைந்தபட்ச அளவு வைத்தார்கள். அரசுப் பள்ளிக்கு இடம் தேடும்போதும் அந்த அளவு மனதில் இருக்கட்டும். 3 ஏக்கர் கிடைக்காவிட்டால் 2 ஏக்கராவது பாருங்கள்.

கேள்வி (பால் சொசைட்டி ஊழியர்): ஊருக்குள் 1 ஏக்கர் 20 சென்ட் அரசுத் தரிசு இருக்கிறது. நான்குவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் ஒருவர் 3 ஏக்கர் இலவசமாகத் தருகிறார். பெரிய இடத்தை விடலாமா?

பதில்: நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தவறான இடமும் இப்படிப்பட்டதுதான். 3 ஏக்கர், சதுரமான நிலம், கிணறு வேறு. எல்லோருக்கும் கண் அதன் மேல்தான். நடுவில் நெடுஞ்சாலை போகிறது என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுரங்கப் பாதை ஒன்று இருந்தது, முக்கால் கிலோமீட்டர் தள்ளி. குழந்தைகள் அவ்வளவு தூரம் சுற்றுவார்களா? தடுப்புச் சுவரில் ஒரு உடைப்பு இருந்தது, அதன் வழியாகப் பையைத் தூக்கி எறிந்துவிட்டுத் தாண்டினார்கள். காலை 9 மணிக்கு நானும் இன்னொரு ஆசிரியரும் சிவப்புக் கொடியோடு அங்கே நின்றோம். மழைக்காலத்தில் சுரங்கப் பாதையில் முழங்கால் அளவு தண்ணீர். முதல் வருடம் எட்டு முடித்த பெண்களில் நான்கு பேர் ஒன்பதாம் வகுப்புக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். 'ரோடு தாண்டணும் சார், பயமா இருக்கு' என்று ஒரு அப்பா சொன்னார். என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான் கிடைக்கும். 6 முதல் 10 வரை படிக்கும் பிள்ளை நடந்துதான் வர வேண்டும், இல்லையென்றால் பஸ். கட்டாயக் கல்விச் சட்டம் எட்டாம் வகுப்போடு, 14 வயதோடு நின்றுவிடுகிறது. அதனால் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் நின்றால் அவளைத் திரும்பக் கூட்டிவருவது முழுக்க நம் கையில்தான் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளி 5 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று அரசுத் திட்டங்களில் சொல்வார்கள். அது அதிகபட்ச எல்லை. 5 கிலோமீட்டருக்குள்தானே என்று நாம் திருப்தி அடையக் கூடாது.

உங்கள் ஊரில் என் வாக்கு அந்த 1 ஏக்கர் 20 சென்டுக்கு. இரண்டு மாடி கட்டலாம். விளையாட்டுக்கு வேறு இடம் தேடலாம்.

கேள்வி (இரண்டு ஊர்களுக்குப் பொதுவான பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்): எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் இழுபறி. சமரசமாக நடுவில் கட்டலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். நியாயம்தானே?

பதில்: கேட்க நியாயமாக இருக்கிறது. அந்த நடு இடத்தில் என்ன இருக்கிறது? வீடு, கடை, பஸ் நிறுத்தம், தெருவிளக்கு எதுவும் இல்லையென்றால் இரண்டு ஊர்ப் பிள்ளைகளையும் ஒரே அளவுக்குக் கஷ்டப்படுத்துகிறோம், அவ்வளவுதான். இரவில் அந்த வளாகத்துக்கு யார் காவல்? திங்கட்கிழமை காலையில் கண்ணாடிச் சில்லையும் பாட்டிலையும் பொறுக்கிவிட்டுப் பிரார்த்தனைக் கூட்டம் நடத்திய ஆசிரியர்களை எனக்குத் தெரியும். ஆள் புழங்கும் இடத்தில் பள்ளி இருந்தால் ஊரின் கண் அதன் மேல் இருக்கும்.

தூரத்தைப் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு சேர்த்துப் பாருங்கள். ஓர் ஊரிலிருந்து 140 பிள்ளைகளும் மற்றதிலிருந்து 60 பிள்ளைகளும் வருவார்கள் என்றால், நடு என்பது வரைபடத்தின் நடு ஆகாது. பள்ளியைப் பெரிய ஊரின் ஓரத்தில், சின்ன ஊரைப் பார்த்த பக்கம் வையுங்கள். சின்ன ஊருக்குக் காலையும் மாலையும் பஸ் வேண்டும் என்று அதே தீர்மானத்தில் எழுதுங்கள். பஸ்ஸைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் அது வராது.

கேள்வி (காலனியைச் சேர்ந்த இளைஞர்): எல்லா வகையிலும் பொருத்தமான அரசு இடம் எங்கள் காலனியை ஒட்டித்தான் இருக்கிறது. 'அங்கே எங்கள் பிள்ளைகளை எப்படி அனுப்புவது' என்று ஊருக்குள் பேசுகிறார்கள். கூட்டத்தில் மட்டும் 'அது பள்ளமான இடம்' என்கிறார்கள். என்ன செய்வது ஐயா?

பதில்: தம்பி, இதை வெளிப்படையாகக் கேட்டதற்கு நன்றி. இடச் சண்டைகளில் பாதி இதுதான். வாயில் வருவது பள்ளம், மேடு, தண்ணீர் வசதி. மனதில் இருப்பது வேறு.

அவர்கள் சொல்லும் காரணத்தையே எடுத்து அளந்து பாருங்கள். பள்ளம் என்கிறார்களா? சர்வேயரையும் பொதுப்பணித் துறைப் பொறியாளரையும் வரச் சொல்லி மட்டம் பார்க்கக் கேளுங்கள். என் இரண்டாவது ஊரில் இப்படித்தான் செய்தோம். ஊர்க்காரர்கள் சொன்ன மாற்று இடம்தான் இரண்டடி தாழ்வு என்று தெரிந்தது. எல்லோர் முன்னாலும் டேப்பைப் பிடித்து அளந்ததால் அதற்கு மேல் யாரும் பள்ளம் என்று பேசவில்லை. அப்புறம் ஒரு அம்மா எழுந்து கேட்டார்: "எங்க புள்ளைங்க இத்தனை வருஷமா உங்க தெரு வழியா நடந்து வந்துச்சு. உங்க புள்ளைங்க எங்க தெரு வழியா வரக் கூடாதா?" கூட்டம் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பள்ளி அங்கேதான் வந்தது. முதல் வருடம் சில குடும்பங்கள் பிள்ளைகளை வேன் வைத்துத் தனியாருக்கு அனுப்பின. மூன்றாம் வருடம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள்.

பள்ளிக்குப் போகும் பாதை பொதுப் பாதைதானா என்பதையும் ஆவணத்தில் பார்த்து வையுங்கள். இடம் கிடைத்த பிறகு பாதையை மறிக்கிற ஊர்கள் உண்டு.

கேள்வி (விவசாயி): எங்கள் ஏரி தண்ணீர் பார்த்துப் பதினைந்து வருடம் ஆகிறது. சும்மா கிடக்கிற அந்த இடத்தில் 5 ஏக்கர் எடுத்தால் யாருக்கு நஷ்டம்? நீர்நிலையில் பள்ளி இருந்தால் நீதிமன்றமே விட்டுவிடும் என்கிறார்களே?

பதில்: வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

நீங்கள் கேள்விப்பட்டது 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் சொன்னது. ஊர்ப் பொது நிலத்திலும் குளத்திலும் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பு. விதிவிலக்காக, ஏற்கெனவே பள்ளியோ மருந்தகமோ இருந்தால் வரன்முறைப்படுத்துவதைப் பரிசீலிக்கலாம் என்றார்கள். 'ஏற்கெனவே' என்ற சொல்லை விட்டுவிட்டு ஊரில் பேசுகிறார்கள். புதிதாகக் கட்ட அது அனுமதி கொடுக்கவில்லை. நம் மாநிலத்திலும் ஏரிப் பாதுகாப்புக்கு 2007இல் போட்ட சட்டம் இருக்கிறது. வழக்குப் போட ஒருவர் போதும், கட்டடம் அஸ்திவாரத்தோடு நிற்கும்.

சட்டத்தை விடுங்கள். பதினைந்து வருடம் வராத தண்ணீர் ஒரே ஐப்பசியில் வரும். 2015இல் சென்னையைச் சுற்றி ஏரிக்குள் வீடு கட்டியவர்கள் அதைப் பார்த்தார்கள்.

கேள்வி (நிலம் தர விரும்பும் ஒருவர்): என் பங்கில் 2 ஏக்கர் பள்ளிக்குத் தர நினைக்கிறேன். அப்பா பெயரை வைக்க வேண்டும் என்பது மட்டுமே ஆசை. என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: உங்கள் மனதுக்கு வணக்கம். 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் நம் மக்கள் இப்படித்தான் நிலமும் பணமும் பெஞ்சும் கொடுத்தார்கள். 2024இல் மதுரை கொடிக்குளத்தில் ஆயி பூரணம் அம்மாள் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை, அங்குள்ள நடுநிலைப் பள்ளி உயர்நிலை ஆவதற்காக, மறைந்த மகள் ஜனனியின் நினைவாகக் கொடுத்தார். வங்கி ஊழியர் அவர். மகள் பெயரை வைக்க வேண்டும் என்றுதான் கேட்டார். பெயர் கேட்பதில் தவறே இல்லை. முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து காகிதம். வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேடு நான்கையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பங்காளிகள் அத்தனை பேரும், சகோதரிகள் உட்பட, கையெழுத்துப் போடட்டும். வாய் வாக்குறுதியும் வெள்ளைத்தாளும் போதாது, பதிவு செய்த தானப் பத்திரம் வேண்டும். பட்டா கல்வித் துறைக்கு மாறியதா என்று பார்த்த பிறகுதான் பூமி பூஜை. இரண்டு தடவை சொல்கிறேன், பட்டா மாறிய பிறகுதான்.

'அ' பதிவேட்டில் இன்னொன்று தெரியவரலாம், பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலம் அது. வேறு சமூகத்தாருக்குக் கைமாறவே கூடாது. அப்படிக் கைமாறி உங்கள் குடும்பத்துக்கு வந்திருந்தால் அதைத் தானம் கொடுக்க உங்களுக்கு உரிமை கிடையாது. கசப்பாக இருந்தாலும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

கேள்வி (மனைப்பிரிவில் வசிப்பவர்): எங்கள் லேஅவுட்டில் பூங்காவுக்கு விட்ட இடம் புதர் மண்டிக் கிடக்கிறது. அதில் கட்டலாமா?

பதில்: கட்டக் கூடாது. திறந்தவெளி ஒதுக்கீடு திறந்தவெளியாகவே இருக்க வேண்டும். புதரை வெட்டிப் பிள்ளைகளை விளையாட விடுங்கள்.

கேள்வி (வார்டு உறுப்பினர்): கடைசியில் முடிவு யார் கையில்? கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டா?

பதில்: நிலம் அரசுடையது என்றால் வருவாய்த் துறை கல்வித் துறைக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார், கோட்டாட்சியர், ஆட்சியர் என்று கோப்பு நகரும். இடத்தின் வகையைப் பொறுத்து எங்கே முடியும் என்பது மாறும். தரிசு என்றால் சீக்கிரம். மேய்க்கால், அதாவது மேய்ச்சல் நிலம் என்றால் மாற்று இடம் காட்டச் சொல்வார்கள். கல்வித் துறையில் முதன்மைக் கல்வி அலுவலர் பார்வையிட்டுப் பரிந்துரைப்பார்.

தீர்மானம் மட்டும் இடத்தை வாங்கித் தராது. ஆனால் தீர்மானம் இல்லாத கோப்பில் எதிர்ப்பு மனு ஒன்று வந்தால் அப்படியே படுத்துவிடும். 'நல்ல இடத்தில் பள்ளி வேண்டும்' என்று பொதுவாக எழுதாதீர்கள். புல எண், பரப்பு, வகைப்பாடு மூன்றையும் எழுதுங்கள். இரண்டாவது தேர்வையும் சேர்த்து எழுதுங்கள், முதலாவது தட்டிப்போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்காது. உயர் அழுத்த மின்கம்பி மேலே போகிறதா என்பதைத் தீர்மானத்துக்கு முன்னாலேயே போய்ப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவி): நாங்கள்தான் அங்கே படிக்கப் போகிறோம். எங்களை யாரும் கேட்கவில்லை. நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா சார்?

பதில்: முடியும் கண்ணு. உன் கேள்வியைத்தான் நான் முதலில் வைத்திருக்க வேண்டும்.

கிராம சபையில் வாக்காளர்களுக்குத்தான் உரிமை, உனக்கு 18 ஆகவில்லை. ஆனால் உன்னிடம் இருக்கிற தகவல் அங்கே வருகிற யாரிடமும் இல்லை. என் மூன்றாவது ஊரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு நான் நடந்தேன். ஊரின் கடைசி வீட்டில் ஆரம்பித்து, பேச்சில் இருந்த இரண்டு இடங்களுக்கும், பள்ளி விடுகிற நாலேகால் மணிக்கு, கார்த்திகை மாதத்தில். ஒரு பாதையில் 22 நிமிடம். இன்னொன்றில் 35 நிமிடம், அதில் பாதித் தூரம் கருவேலங்காடு, ஒரு மதுக்கடை, கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு வாய்க்கால் பாலம். கூட வந்த பெண் பிள்ளைகள் அந்தப் பாலத்துக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பத்து வருடம் அந்த ஊரில் இருந்தும் எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நீயும் உன் தோழிகளும் அப்படி நடந்து பாருங்கள், பெரியவர் ஒருவர் கூட வரட்டும். நிமிடம், விளக்கு எங்கே இல்லை, நாய் எங்கே துரத்துகிறது, மழையில் எங்கே தண்ணீர் நிற்கும், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். கிராம சபையில் உன் அம்மா எழுந்து அதைப் படிக்கட்டும். கடைசி வீட்டிலிருந்து எத்தனை நிமிடம் என்பதை முதல் வரியில் எழுது.